கோடை என்னும் காற்று: ஊவாவின் புல்வெளித் தீயும் பாலைத்திணையும்

கோடை என்ற சொல்லைக் கேட்டதும் இன்று நம் மனத்தில் எழுவது ஒரு பருவகாலம். பண்டைத் தமிழில் அது ஒரு காற்றின் பெயருமாகும். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை எனக் காற்றுகளைத் திசைவழிப் பெயரிட்டு வழங்குவது நமது மரபு. மேல்காற்றுக்கும் வெம்மைக் காலத்துக்கும் ஒரே சொல் வழங்கியமை தற்செயலானதன்று. மேற்கு மலைத்தொடரின் அப்பாற் சரிவில் மழையாகப் பொழிந்து ஈரத்தை இழந்து, இப்பாற் சரிவில் உலர்ந்து இறங்கும் காற்றைப் பாண்டிநாட்டுச் சமவெளியில் வாழ்ந்தோர் உடலால் அறிந்திருந்தனர். அவ்வறிவு சொல்லில் படிந்துள்ளது.

இக்காற்றுக்கு இலக்கியத்தில் இரண்டு முகங்கள் உண்டு. கபிலரின் அகநானூற்றுப் பாடலொன்றில் கோடைக் காற்று வண்டு துளைத்த மூங்கிலின் துளைகளிற் புகுந்து குழலிசையாகின்றது. பாலைப் பாடல்களிலோ காற்று மூங்கில்களை ஒன்றோடொன்று உராயச் செய்து காட்டுத்தீயை எழுப்புகின்றது. இசையும் தீயும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன. இந்த இருமையை இலக்கிய நயம் என்று பாராட்டிவிட்டு அப்பாற் செல்வது நமது வழக்கம். அவ்வாறு செல்லாது, நமது நாட்டில் இன்றும் வீசும் ஒரு கோடைக் காற்றின் வழியே சிறிது தூரம் நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈழத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பர். மட்டக்களப்பார் அதனைக் கச்சான் என்பர். (நிலக்கடலைக்கும் நாம் கச்சான் என்றே பெயர் வைத்திருப்பதால், கச்சான் காற்று என்றதும் கொழும்பு மாணவர் சிலர் சிரிப்பதைக் கண்டிருக்கிறேன்.) ஓகஸ்ட் மாத மாலையொன்றில் கொள்ளுப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் ரயில் பாதையோரமாக நடப்பவருக்கு இக்காற்று இதமானது; கடலின் ஈரத்தைச் சுமந்து வருவது. கொழும்பில் வாழும் நாம் அதனை இந்த நிலையிலேயே அறிவோம். அதன் மீதிப் பயணம் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அப்பயணத்தின் பௌதிகம் எளியது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலேறுகின்றது. ஏறும் காற்றுக் குளிர்கிறது. அதன் நீராவி ஒடுங்கி மழையாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால், அக்குளிர்ச்சி கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை செல்சியசோடு நின்றுவிடுகிறது. வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்வது இதனாலேயே. மலைமுகட்டைத் தாண்டியதும் காற்று உலர்ந்துவிடுகிறது. உலர்ந்த காற்று கீழிறங்கும்போது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் சூடேறுகிறது. ஏறும்போது இழந்த வெப்பத்திலும் இறங்கும்போது பெறும் வெப்பம் அதிகம். அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, எல்ல, பசறை என விரியும் ஊவாவின் மீதும், பின் கிழக்குக் கரையோரத்தின் மீதும் அது இறங்குகின்றது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டும் பிற்பகல்கள் இம்மாதங்களில் உண்டு. கொள்ளுப்பிட்டியில் நம் சட்டையைக் குளிர்வித்த காற்றே அங்கே கிணற்றை வற்றச் செய்கிறது.

ஊவாவின் மலைச்சரிவுகளிற் பெரும்பகுதி புல்வெளி. சிங்களத்தில் பத்தன என வழங்கும் இதனை மலையகத் தமிழர் பத்தனை என்பர். ஆளுயரம் வளரும் மானாப்புல் ஜூலை கடந்ததும் வைக்கோல் நிறமாகின்றது. விறகுக் கட்டையொன்று காய்வதற்கு வாரங்கள் வேண்டும். புல்லின் தாளோ உலர்ந்த காற்றில் ஒரு மணி நேரத்திலேயே தன் ஈரத்தை விட்டுவிடும். ஆதலின் முதல்நாள் மழை பெய்ததா என்பதன்று கேள்வி. அன்று காலை காற்று எவ்வாறிருந்தது என்பதே கேள்வி. இதனோடு சரிவையும் சேர்த்து எண்ணவேண்டும். சரிவின் சாய்வு 10 பாகை கூடுந்தோறும் மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. கீழேயுள்ள சுவாலை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுவதே இதற்குக் காரணம். ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் ஊவா மலைகளில் தீ என்ற செய்தி நாளேடுகளின் உள்பக்கத்தில் ஆண்டுதோறும் நான்கு வரியில் வருகின்றது. இராணுவத்தினரும் பொலிசாரும் பிரதேச மக்களும் தீயை அணைக்கப் போராடினர் என்று அது முடியும். பிரதேச மக்கள் என்ற அத்தொடருக்குள் அடங்குவோர் பெரும்பாலும் லயத்து இளைஞரும் அயற்கிராமத்து விவசாயிகளுமாவர். பச்சைக் கொப்புகளை முறித்துத் தீயை அடிப்பதே அவர்தம் கையிலுள்ள கருவி.

அக்காற்றின் மற்றொரு தொழில் இன்னும் கவனத்துக்குரியது. தேயிலை வணிகத்தில் ஊவாப் பருவகாலத் தேயிலை என்றொரு வகை உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, அதாவது கச்சான் வீசும் வாரங்களில் பறிக்கப்படும் கொழுந்து அது. உலர்காற்றின் தாக்கத்துக்குள்ளாகும் செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்கிறது. இலையின் இரசாயனச் சேர்க்கை மாறுகிறது. மீதைல் சலிசிலேற்று முதலிய மணப்பொருள்கள் அதிற் செறிவதால், குளிர்ச்சியூட்டும் ஒருவகை நறுமணம் அத்தேயிலைக்கு வாய்க்கிறது. உலகச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பும் தனி விலையும் உண்டு. 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் அவ்விலை தீர்மானிக்கப்படுகின்றது. தேயிலைச் சபையின் அலுவலகம் இருப்பது கொள்ளுப்பிட்டிக் காலி வீதியில். காற்று இங்கிருந்து புறப்படுகிறது; அது விளைவித்த பண்டம் இங்கேயே திரும்பி வருகிறது. இடையில் நிகழ்ந்தது யாது?

செடி வளர்ச்சியைச் சுருக்கும்போது கொழுந்து குறைகிறது. தொழிலாளியின் நாட்கூலியோ அவர் பறிக்கும் நிறையோடு பிணைக்கப்பட்டது. தோட்டம் நிர்ணயிக்கும் நிறையைக் கொடுத்தாற்றான் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர், அல்லது கிலோக் கணக்கிற் கூலி. ஆகவே ஒரே காற்று, ஒரே செடியில், ஒரே வாரத்தில், பண்டத்தின் விலையை உயர்த்துகிறது. அப்பண்டத்தை ஆக்கியவரின் கூலியைக் குறைக்கும் அபாயத்தையும் கொணர்கிறது. நிறையளவைப் பருவத்துக்கேற்பத் தளர்த்தும் தோட்டங்கள் இல்லையென்பதன்று. அத்தளர்வு எந்த அளவில், யாருடைய விருப்பின்படி நிகழ்கிறது என்பதே பிரச்சினை. மார்க்ஸ் உழைப்பை மனிதனுக்கும் இயற்கைக்குமிடையே நடைபெறும் பொருட்பரிமாற்றம் என விளக்கினார். அதனை நூலில் வாசித்தபோது எனக்கு அது ஓரளவு அருவமான கருத்தாகவே இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓகஸ்ட் மாதமொன்றில் பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், வேறு ஆய்வொன்றுக்காக நாட்டார் பாடல்களைப் பதிவுசெய்யச் சென்றிருந்தேன். வெயிலின் கடுமை எனக்கு உடனே தெரியவில்லை. வியர்வை தோன்றுமுன்பே காற்று அதனை உலர்த்திவிட்டது. ஒரு மணி நேரத்தில் நாவு ஒட்டிக்கொண்டது, தலைவலி தொடங்கியது. மலையிலிருந்து இறங்கி வந்த மூதாட்டி ஒருவரிடம் காற்று நன்றாயிருக்கிறதே என்று, பேச்சைத் தொடங்கும் பொருட்டுச் சொன்னேன். அவர் கூடையைச் சாய்த்துக் காட்டினார். "காத்து நல்லாத்தான் இருக்கு தம்பி. கூடைதான் நெறையல" என்றார். பிறகு எதிர்ச்சரிவைச் சுட்டி, "நேத்து ராத்திரி அந்தப் பத்தனை எரிஞ்சிச்சு. பீலிக்கு வர்ற குழாயும் சேந்து எரிஞ்சு போச்சு. இனி பள்ளத்துக்குப் போயித்தான் தண்ணி தூக்கணும்" என்றார். அன்று நான் பதிவுசெய்த பாடல்களில் இதற்கு நிகரான செய்தி எதுவுமில்லை. புல்லோடு புல்லாக மண்மேற் கிடக்கும் பிளாத்திக்குக் குழாய் உருகிப்போவது எந்த நாளேட்டிலும் இடம்பெறுவதில்லை. பகல் முழுவதும் வெயிலில் நின்ற பெண்ணுக்கு அதன் பொருள் மாலையில் மேலும் ஒரு மணி நேர உழைப்பு.

இப்புல்வெளிகள் எவ்வாறு தோன்றின என்பது குறித்துத் தாவரவியலாளரிடையே நெடுங்கால விவாதமுண்டு. மண்ணும் காலநிலையும் காரணமாக இயல்பாக அமைந்தவை என்பது ஒரு சாரார் கொள்கை. காடழிந்தபின் மீண்டும் மீண்டும் இடப்பட்ட தீயே அவற்றைப் புல்வெளியாக வைத்திருக்கின்றது என்பது மற்றொரு சாரார் கொள்கை. உயர்மலைப் புல்வெளிக்கு முதற்கொள்கையும் ஊவாவின் வறண்ட புல்வெளிக்கு இரண்டாவது கொள்கையும் பெரிதும் பொருந்துவதாக எனக்குப் படுகின்றது. தாவரவியல் எனது துறையன்று. ஆயினும் தீக்கு வரலாறுண்டு என்பதை வலியுறுத்த அத்துறைப் பயிற்சி வேண்டியதில்லை.

மலையில் தீயிட்டுப் பயிர்செய்தல் தமிழிலக்கியம் நன்கறிந்த செயல். புதிதாகத் திருத்திய கொல்லையை இதை என்றும், பலகாலம் உழைத்த கொல்லையை முதை என்றும் இருசொற்களால் வேறுபடுத்தியமையே அவ்வுற்பத்தி முறையின் ஒழுங்கைக் காட்டும். எரித்த நிலத்தைச் சில ஆண்டுகள் பயன்படுத்திப் பின் நீண்டகாலம் ஓய்வுக்கு விட்டுவிடுவது அம்முறை. நமது நாட்டுச் சேனைப் பயிர்ச்செய்கையும் அத்தகையதே. நிலம் பொதுவாகவும் மக்கள் தொகை குறைவாகவும் இருந்த நிலையில் அத்தீக்கு எல்லை இருந்தது. ஊரார் கூடி மூட்டினர், ஊரார் கூடிக் காத்தனர்.

ஊவாவில் அவ்வெல்லையை முதலில் மீறியது அரசின் தீ. 1817-1818 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயப் படை வீடுகளையும் விளைச்சலையும் எரித்து அம்மாநிலத்தைப் பாழாக்கியது. அடுத்த தீ மூலதனத்துடையது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரிய காணி என ஊகிக்கப்படுமென்றது. கண்டி மாகாணங்களின் சேனை நிலங்களும் அவ்வூகத்துக்குள் வந்தன. ஊராரின் இதையும் முதையும் ஒரே கையெழுத்தில் அரசின் சொத்தாயின. அரசு அவற்றைக் கோப்பித் துரைமாருக்கு விற்றது. காட்டை வெட்டும் வேலையைப் பெரும்பாலும் அயற்கிராமத்துச் சிங்கள விவசாயிகள் ஒப்பந்தத்துக்குச் செய்தனர். சரிவின் கீழ்ப்பகுதி மரங்களைப் பாதியளவு வெட்டி நிறுத்திவிட்டு உச்சியிலுள்ளவற்றை முழுமையாக வெட்டிச் சாய்த்தால், அவை விழுந்து ஒன்றையொன்று இழுத்து மலைச்சரிவு முழுவதையும் கவிழ்த்துவிடும். சில வாரங்கள் உலர்ந்தபின் தீ மூட்டப்படும். சாம்பலில் குழிதோண்டிக் கன்று நடும் வேலைக்குத் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட கூலிகள் வந்து சேர்ந்தனர். 1870களில் கோப்பி 250,000 ஏக்கருக்கு மேற் பரந்திருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தது, தேயிலை வந்தது.

இக்காலத்திலேயே, 1876இல், எங்கெல்சு தாம் முடிக்காது விட்ட கட்டுரையொன்றில் கியூபாவின் ஸ்பானியத் தோட்ட முதலாளிகளைப் பற்றி எழுதினார். மலைச்சரிவுக் காடுகளை எரித்து, அச்சாம்பலை உரமாக்கி ஒரு தலைமுறைக் கோப்பி மரங்களில் பேரிலாபம் கண்ட அவர்களுக்கு, அதன்பின் மழை மேல்மண்ணைக் கழுவிச் சென்று வெறும்பாறையை விடுவது பற்றிக் கவலையில்லை என்பது அவர் கருத்து. அவர் இலங்கையைக் குறிப்பிடவில்லை. நமது மலைநாட்டைக் கண்டிருந்தாலும் அவ்வாக்கியத்தில் ஊர்ப் பெயரை மாற்றுவதன்றி வேறெதுவும் செய்ய வேண்டியிருந்திராது.

ஊவாவின் புல்வெளிகள் கோப்பிக்கு உதவாதவை எனத் துரைமார் ஒதுக்கியவை. ஆதலின் கிராமத்தாரின் மேய்ச்சலுக்கு நெடுங்காலம் எஞ்சியவை. 1970கள் தொடக்கம் அவற்றிற் பல இடங்களில் கரிபியப் பைன் மரம் நடப்பட்டது. வெறுமையாகக் கிடந்த நிலத்துக்குப் பசுமை கொடுக்கும் எண்ணத்தை இழித்துரைக்க நான் விரும்பவில்லை. எனினும் பைன் மரத்தின் ஊசியிலை எளிதில் மக்காது மெத்தைபோலத் தரையிற் படியும். அதன் பிசின் எரியும். அடியிற் புல், அதன் மேல் ஊசியிலை, அதற்கும் மேல் பிசின் கசியும் மரம். கச்சானுக்கு வேறென்ன வேண்டும்? மாடு வளர்ப்போன் மழைக்குமுன் பழம்புல்லை எரித்தால் இளம்புல் தளிர்க்கும் என்று தீயிடுகிறான். வேட்டைக்காரன் விலங்கை வெளிப்படுத்தத் தீயிடுகிறான். குப்பையை எரிப்போன் கவனக்குறைவாக விட்டுச் செல்கிறான். 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒதுக்குக் காட்டில் தீயிடல் குற்றமாகும். சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது தீப்பெட்டி பிடித்த கை மட்டுமே. அக்கையை நான் குற்றமற்றது என்று கூறவில்லை. மேய்ச்சல் நிலம் பைன் தோட்டமான விதமும், தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் மானாப்புல் மூடிய விதமும் விசாரணைக்கு வருவதில்லை என்பதே எனது கூற்று.

இவ்விடத்தில் பாலைத்திணைக்குத் திரும்புதல் பொருத்தமாகும். தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கும் தெய்வத்தையும் நிலத்தையும் வகுக்கின்றது. பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. நண்பகலையும் வேனிலையும் அதன் பொழுதாக வகுத்து, பின்பனியையும் அதற்குரியதாக்குகின்றது. நிலமில்லாத திணை என்ற இப்புதிர் மாணவரை நெடுங்காலமாக மயக்கி வந்துள்ளது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை அதற்கு விடை தருகிறது. முல்லையும் குறிஞ்சியுமே வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்பது அக்காதை கூறும் செய்தி. எல்லாரும் மேற்கோள் காட்டுவது இப்பகுதியையே. ஆனால் அதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ள உவமையைப் பலர் விட்டுவிடுகின்றனர். அரசன் தன் அதிகாரிகளோடு சேர்ந்து நெறிபிறழ்ந்ததால் கெட்டுப்போன நாட்டைப்போல, என்று அவ்வுவமை தொடங்குகின்றது. ஞாயிறு அரசன், வேனில் அவனுடைய துணைவன். இயற்கையின் வறட்சியை விளக்க இளங்கோவுக்கு ஆட்சியின் கொடுமையே உவமையாகக் கிடைத்தது. அவர் வர்க்க முரண்பாட்டைக் கண்டார் என்று இதனைக்கொண்டு நிறுவ முயல்வது மிகையாகும். அத்தகைய மிகைகளால் நமது ஆய்வுநெறிக்கு நேர்ந்த இழுக்குப் போதும். பாலை என்பது நிலத்தின் பிறவிக்குணமன்று, நிலத்துக்கு நேரும் நிலை என்பதை அவர் மரபாகப் பெற்றிருந்தார். அதனை ஆட்சியோடு இணைத்துப் பார்க்கவும் அவரால் இயன்றது. இந்த அளவே நமக்குப் போதுமானது.

பாலைப் பாடல்களில் வரும் மூங்கில் தீயைப் பற்றியும் ஒரு சொல். காட்டுத்தீ மூங்கில் உராய்வினால் பிறக்கிறது என்பது இன்றும் படித்தோர் பலரின் நம்பிக்கை. நமது பிரதேசத்தின் காட்டுத்தீக்களுட் பெரும்பாலானவை மனிதச் செயலால் எழுபவை என்பதே வனத்துறைகளின் அனுபவம். தனியே கடந்து செல்லும் தலைவனின் கண்ணுக்குத் தீயிட்டவர் தென்படவில்லை. தீ மட்டுமே தென்பட்டது. வழிப்போக்கனின் பார்வை அது. மலையில் வாழ்வோர் பாடியிருந்தால் வேறு காரணம் சொல்லியிருக்கக்கூடும்.

வழிப்போக்கர் தீயில் அகப்பட்ட துயரமொன்று நமது காலத்திலும் நிகழ்ந்தது. 2018 மார்ச் 11ஆம் தேதி, தமிழகத்தின் தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலேயுள்ள குரங்கணி மலையில், சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து மலையேறச் சென்ற முப்பதுக்கும் மேற்பட்டோர் கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் புல்வெளித் தீயிற் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் இளையவர். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் காய்ந்து நின்ற உயரமான புல், செங்குத்தான சரிவு, கீழிருந்து மேலே ஓடும் தீ: ஊவாவுக்குக் கூறிய அனைத்தும் அங்கும் பொருந்தின. காற்றும் மாதமும் மட்டுமே வேறு. காயமுற்றோரைச் சுமந்து இறக்குவதில் உள்ளூர் மக்கள் முன்னின்றனர். அரசு விசாரணை நடத்தியது. அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வெளிவந்தன. வேண்டிய விதிகளே அவை. ஆயினும் அவை வந்துபோவோரை ஒழுங்குபடுத்துவன. அம்மலையிலேயே ஆண்டு முழுதும் நடப்போரைப் பற்றி அவை பேசா.

கைவிடப்பட்ட தோட்டத்தின் தீ எத்தகையது என்பதை ஹவாயித் தீவுகளில் காணலாம். மௌயித் தீவின் லகைனா நகர் 2023 ஓகஸ்ட் 8ஆம் தேதி ஒரே பிற்பகலில் எரிந்தது. ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். அங்கும் மலையைக் கடந்து இறங்கிய உலர்ந்த வன்காற்று, அங்கும் புல். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கரும்பு விளைந்த நிலம் அது. 1999இல் ஆலை மூடப்பட்டபின், நிலத்தைச் சொந்தமாக வைத்திருந்தோர் அதனைப் பயிரிடவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கால்நடைத் தீவனமாகக் கொணரப்பட்ட கினிப்புல் அதனை மூடிக்கொண்டது. நமது உலர்வலயத்து வீதியோரங்களில் இன்று நாம் காணும் கினிப்புல்லும் அதுவே. அதுவும் குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே இங்கு வந்தது. நெருப்பையும் புல்லையும் மட்டும் பார்ப்பவர்க்கு லகைனா ஒரு விபத்து. நில உடைமையின் வரலாற்றைச் சேர்த்துப் பார்ப்பவர்க்கு அது நெடுநாள் ஆயத்தத்தின் முடிவு.

கொழும்பின் வெம்மை இன்னொரு வகையினது. இங்கே காற்று ஈரமானது. ஆதலின் வெப்பமானி 32 பாகையைக் காட்டும் நாளில் உடல் அதனினும் மிகுந்த வெப்பத்தை உணர்கிறது. வியர்வை சுரக்கும், ஆனால் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையை எட்டினால் நிழலில் ஓய்ந்திருக்கும் உடலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என 2010இல் ஓர் ஆய்வு கணித்தது. 2022இல் இளைஞரைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனைகள் அவ்வெல்லை ஏறத்தாழ 31 பாகை என்று காட்டின. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர்மேலே உச்சங்கொள்ளும் நாள்களையொட்டி, வளிமண்டலவியல் திணைக்களம் உணரப்படும் வெப்பம் குறித்து எச்சரிக்கை விடுப்பது வழமையாகிவிட்டது. நீர் அருந்துக, நிழலில் ஓய்வெடுக்க, வெளிவேலையைக் குறைக்க என்பன அதன் அறிவுரைகள். அறிவியல் நோக்கில் ஒன்றும் பிழையில்லை. புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளியும், கொட்டாஞ்சேனையில் தகரக்கூரையின்கீழ் அடுப்பெரிக்கும் பெண்ணும், காலி வீதியில் எழும் மாடிக் கட்டடத்தின் சாரத்தில் நிற்பவரும் அதனைக் கேட்டு என்ன செய்ய இயலும் என்று எழுதுவது அறிவித்தல் விடுப்போரின் பொறுப்பன்று என்பதும் உண்மையே. அது வேலை கொடுப்போருக்கும் சட்டமியற்றுவோருக்கும் உரியது.

சர்வதேசத் தொழில் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, 2030ஆம் ஆண்டளவில் வெப்பத்தால் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 வீதம் இழக்கப்படுமென மதிப்பிட்டது. அது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம். பயனுள்ள கணக்கு. ஆனால் அது இழந்த நேரத்தை எண்ணுகிறது. கூலிக்காக இழக்காமல் உழைத்த நேரத்தில் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பது அதற்குள் வராது. எல்சல்வடோரிலும் நிக்கராகுவாவிலும் கரும்பு வெட்டுவோரிடையே பரவியுள்ள சிறுநீரக நோய்க்குக் கடும் வெயிலில் இடையறாது உழைத்தலும் ஒரு காரணம் எனப் பல ஆய்வாளர் கருதுகின்றனர். அங்கும் கூலி வெட்டிய நிறைக்கே.

தமிழ்நாட்டரசு 2024 ஒக்டோபரில் வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தோரின் குடும்பத்துக்கு நிவாரணம் வழங்க அதன்மூலம் வழி பிறந்தது. வெப்பத்தால் நேரும் மரணத்தை மரணமாகப் பதியச் செய்த அளவில் இது முன்னேற்றமே. இறப்புக்கு முற்பட்ட நிலைக்கு, அதாவது வேலை நேரத்துக்கும் கூலி முறைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

ஊவாவைப் பொறுத்தவரை செய்யத்தக்கவை மறைபொருளல்ல. ஜூலைக்கு முன் லயங்களுக்கும் நீர்க்குழாய்ப் பாதைகளுக்கும் சுற்றிலும் புல்லை வெட்டித் தீத்தடுப்புப் பட்டைகளை அமைக்கலாம். அது கூலிக்குரிய வேலையாகக் கணக்கிடப்படவேண்டும். பைன் அடர்த்தியைக் குறைத்து நாட்டு மரங்களுக்கு இடமளிக்கலாம். மேய்ச்சலுக்கு எரிக்கும் கிராமத்தாரோடு காலமும் இடமும் பேசி முன்கூட்டியே சிறுசிறு துண்டுகளாக எரிக்கும் ஏற்பாட்டுக்கு வரலாம். சட்டப்புத்தகத்தோடு மட்டும் அவர்களிடம் செல்வதிற் பயனில்லை. கச்சான் வாரங்களில் பேருக்குரிய நிறையைக் குறைப்பதும், நண்பகலில் மலையிலிருந்து இறங்க அனுமதிப்பதும் பருவகாலத் தேயிலையின் மேலதிக விலையிலிருந்து ஈடுசெய்யப்படக்கூடியவை. எனினும் எவ்வளவு மேலதிகம், யாருக்கு என்பதை எவரேனும் எடுத்துக்காட்டாதவரை இக்கோரிக்கை தொழிற்சங்க மேடையின் ஒரு வாக்கியமாகவே நின்றுவிடும்.

அதற்கான சான்றுகள் உள்ளன. தோட்டங்கள் பல, நாள்தோறும் மழையை அளந்து பதியும் பழக்கத்தைத் துரைமார் காலத்திலிருந்தே உடையவை. கொழுந்து நிறுவைக்கும் பதிவேடு உண்டு. ஏல விலைகள் வாரந்தோறும் அச்சாகின்றன. ஒரு தோட்டத்தின் இருபது ஆண்டுக்கால மழைப் பதிவையும் நிறுவைப் புத்தகத்தையும் அதே வாரங்களின் விலைப் பட்டியலையும் அருகருகே வைத்துப் படிக்கும் வேலைக்குப் பொருளியல் மாணவர் ஒருவரும் புவியியல் மாணவர் ஒருவரும் போதும். தமிழ் மாணவர் ஒருவரும் உடன்செல்ல வேண்டும் என்பேன். அரைப்பேர் என்ற சொல்லை முன்னிருவரும் பதிவேட்டில் தேடினால் அங்கே வெறும் பின்ன எண்ணே கிடைக்கும்.